மரீனா ஒன் பசுமை முற்றத்திற்குச் செல்வது எப்படி?

சிங்கப்பூரின் மரீனா ஒன் வளாகத்தின் இரண்டு அலுவலகக் கோபுரங்களுக்கும் இரண்டு குடியிருப்புக் கோபுரங்களுக்கும் நடுவே உள்ள தோட்டத்திற்குள் செல்ல அலுவலக அட்டை எதுவும் தேவையில்லை. காவலர் தடுத்துவிடுவாரோ என்று தயங்கி வெளியிலேயே நின்று திரும்புவோரை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கம் வேண்டாம்.

டௌன்டவுன், மரீனா பே, ஷென்டன் வே ஆகிய பெருவிரைவு இரயில் நிலையங்களில் எதில் இறங்கினாலும் நடந்தே வந்துவிடலாம். நண்பகல் 12 மணி முதல் 2 மணி வரை உணவுக்கு வரும் ஊழியர்களின் கூட்டம் மிகுதி என்பதால், பிற்பகல் 3 மணிக்குப் பிறகு வருவதே என் பரிந்துரை.

உள்ளே வந்ததும் கைப்பேசியை உடனே எடுக்காதீர்கள். குளிரூட்டப்பட்ட நடைபாதையிலிருந்து புழுக்கத்திற்குள் வரும்போது கேமரா கண்ணாடியில் ஆவி படியும். சற்றுப் பொறுத்து, மென்துணியால் துடைத்த பிறகு எடுத்தால் படம் தெளிவாக இருக்கும்.

முதலில் அருவியின் அருகே நின்று அண்ணாந்து பாருங்கள். ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோஃப் இங்கன்ஹோஃபனின் நிறுவனம் வடிவமைத்த அந்த வளைந்த தளங்கள், ஆசிய நெல் வயல்களின் படிவரிசையை நினைவூட்டும் வகையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரிவது அங்கிருந்துதான் நன்றாகப் புலப்படும். பிறகு மேல்தளங்களுக்கு ஏறுங்கள். 350க்கும் மேற்பட்ட தாவர வகைகள் இருப்பதால், ஒவ்வொரு தளத்திலும் இலைகளின் அளவும் நிழலும் மாறுவதைக் கவனிக்கலாம். மழை பெய்த நாளில் தரை வழுக்கும். வழவழப்பான காலணி ஆகாது.