வாழைமர நோட்டை அடையாளம் காண்பது எப்படி?

மலாயாவிலோ சிங்கப்பூரிலோ வாழ்ந்த தாத்தாவின் தகரப் பெட்டியில் ஜப்பானியர் காலத்து நோட்டுகள், அதாவது இரண்டாம் உலகப் போரில் தான் பிடித்த நாடுகளுக்காக ஜப்பான் அச்சிட்ட, 'வாழைமர நோட்டு' எனப்படும் பணத்தாள்கள், கட்டாகக் கிடைத்தால், விலை விசாரிக்கும் முன் அவை எந்த நாட்டுக்காக அச்சிடப்பட்டவை என்பதைக் கண்டறிய வேண்டும். ஜப்பானிய அரசாங்கம் என்ற ஆங்கில வாசகம் இருக்குமே தவிர, நாட்டின் பெயரும் ஆண்டும் இரா. வரிசை எண் வரும் இடத்தின் முதல் ஆங்கில எழுத்தைப் பாருங்கள்: 'எம்' என்றால் மலாயா, பர்மாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் அவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்து. டாலர் (மலாயா), ரூபாய் (பர்மா), பெசோ (பிலிப்பைன்ஸ்) என்ற பணப் பெயர்களே பெரும்பாலும் போதும். ஆனால் சென்ட் நோட்டுகள் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் வெளியிடப்பட்டதால், அவற்றில் எழுத்தைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

மலாயாவின் 10 டாலர் நோட்டில் குலை தள்ளிய வாழைமரம் இருப்பதால்தான் அத்தனை நோட்டுகளுக்கும் வாழைமர நோட்டு என்ற பெயர் நிலைத்தது. 1942-இல் வந்த தொடக்க நோட்டுகள் சிலவற்றில் வரிசை எண் உண்டு. பின்னர் எண்ணை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் அச்சிட்டார்கள். எத்தனை நோட்டு வெளியே போயிற்று என்று கணக்கு வைக்க விரும்பாத அரசின் நோட்டு இது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. எண் உள்ளவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். சேகரிப்பாளர்கள் முதலில் கேட்பது அவற்றைத்தான். அடுத்து நோட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நீர்க்குறி (வாட்டர்மார்க்) தெரிகிறதா, தாளில் பட்டிழைகள் ஓடுகின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். உருப்பெருக்கியில் அச்சு வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தால், அது அண்மையில் எடுத்த நகலாக இருக்கக்கூடும்.

1945-இல் ஆங்கிலேயர் திரும்பியதும் இந்த நோட்டுகள் செல்லாதவையாயின. எந்த வங்கியும் மாற்றித் தராது. சாதாரண 10 டாலர் நோட்டுக்குச் சேகரிப்பாளரிடமும் பெரிய விலை கிடைக்காது.

பாதுகாக்கும்போது கிழிசலில் செல்லோடேப் ஒட்டுவது, மடிப்பை நீக்க இஸ்திரி போடுவது, லேமினேஷன் செய்வது ஆகிய மூன்றையும் அறவே தவிர்க்க வேண்டும். பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் கலக்காத உறையில் ஒவ்வொன்றாக வைத்து, யார் வைத்திருந்தது, எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்பதைத் தனிச் சீட்டில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள்.