பெரட்டுக்குப் போகிற வீட்டில் பூனைக்குட்டி

காலை ஆறு மணிக்கு ஒருவர் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடம்), இன்னொருவர் ஃபேக்டரி பஸ்ஸுக்கு, பிள்ளைகள் பள்ளிக்கு. வீட்டைப் பூட்டிய பிறகு குட்டி எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அதன் வயிற்றைப் பொறுத்தது. 4 வாரம் ஆகாத குட்டிக்கு 2, 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை குட்டிகளுக்கான பால் வேண்டும். தனியே விடவே கூடாது. 8 வாரக் குட்டி 3, 4 மணி நேரம் இருக்கும். 4 மாதத்தில் ஐந்து மணி நேரம். முழு ஷிஃப்ட் என்றால் 6 மாதமாவது ஆக வேண்டும்.

கால்வாய் ஓரம் கிடைத்த குட்டிக்கு வயது தெரியாதா? மாவு நிறுக்கும் தராசில் வையுங்கள். 4 வாரத்தில் சுமார் 400 கிராம், 8 வாரத்தில் 800 முதல் 900. எடை குறைவாக இருந்தால் வயதையும் குறைத்தே கணக்குப் போடுங்கள். மதியம் வந்து ஊட்ட, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஒரு சாவி கொடுத்து வைப்பது நல்லது.

ஒரே அறையில் அடையுங்கள், வீடு முழுக்க விடாதீர்கள். சீலிங் இல்லாத தகரக் கூரை அறை நண்பகலில் அடுப்பு மாதிரி காயும், அது வேண்டாம். குளியலறை குளிர்ச்சிதான், ஆனால் வாளியில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலும் குட்டி மூழ்கிவிடும். கவிழ்த்து வையுங்கள். செம்பனைக்குப் பக்கத்து வீடு என்றால் எலியைத் தேடிப் பாம்பு வரும்: தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கம்பி வலை, கதவடி இடைவெளிக்கு வெளிப்பக்கம் ரப்பர் பட்டை.

அடுத்தது நூல். சாமி மேடையில் காய்ந்த மாலை, அதன் நார், ரப்பர் பேண்ட், தையல் நூல் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பூனை நாக்கின் முட்கள் உள்நோக்கி இருப்பதால், வாயில் போன நூலைத் துப்ப அதற்கு வராது. ஒரு முனை எங்காவது மாட்டிக்கொண்டால் குடல் சுருக்குப்பை போலச் சுருங்கி அறுபடும். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், நேராக மிருக வைத்தியரிடம் போங்கள். சாமி விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்புவதைச் சொல்லவே வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் குட்டிகளுக்கான உலர் தீனி போதும். டின் உணவு நம்ம வெயிலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, ஆள் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். பசும்பால், டின் பால் இரண்டும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். அந்தச் சின்ன உடம்பு ஒரே நாளில் வற்றிவிடும். எறும்புக்குப் பழைய வழிதான்: அகலத் தட்டில் விரல் நகம் அளவு தண்ணீர், நடுவில் தீனிக் கிண்ணம். கிண்ணம் தட்டின் ஓரத்தைத் தொட்டால் எறும்பு ஏறிவிடும். எறும்பு மருந்துச் சாக்பீஸால் கோடு போடாதீர்கள். பாதத்தில் ஒட்டியதை நக்கிய பூனைக்கு வலிப்பு வரலாம்.

குட்டி மலசலம் கழிக்கும் மணல் தட்டின் ஓரம் 5 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. ஈரம் பட்டால் கட்டியாகும் மணலைக் குட்டி தின்று பார்க்கும், அது வயிற்றில் ஊதும். மர உருண்டையோ கிழித்த பேப்பரோ போடுங்கள். தீனிக்கு எதிர்மூலையில் வைத்தால்தான் அதில் போகும்.

சாயங்கால இடிக்கு ஒளிய, ஒரு அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து உள்ளே பழைய கைலி விரியுங்கள்.

திரும்பி வந்ததும் முதலில் மணல் தட்டையும் தீனிக் கிண்ணத்தையும் பாருங்கள். குட்டி துவண்டு, காது சில்லென்று இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம். ஈறில் சீனிப்பாகு ஒரு துளி தடவி, துணியில் சுற்றிக் கதகதப்பாக வைத்துக்கொண்டு உடனே வைத்தியரிடம் கிளம்புங்கள்.