தொட்டால் மட்டும் பேசும் ரோபோத் தோல்: மேசையில் செய்து பார்ப்பது எப்படி?

ரோபோவுக்குத் தொடு உணர்வு கொடுக்க விரும்பும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் தொடங்குகிறார்கள். விரல் நுனியில் ஓர் அழுத்த உணரியை ஒட்டுகிறார்கள். அதன் அளவை நொடிக்கு ஆயிரம் முறை படித்து, படித்ததையெல்லாம் கணினிக்கு அனுப்புகிறார்கள். ஓர் உணரி என்றால் சமாளித்துவிடலாம். நூறு உணரிகள் என்றால், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட் வீதம் நொடிக்கு 2,00,000 பைட். அர்டுயினோ உனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையை நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் கணினியோடு இணைத்தால் நொடிக்கு 11,520 பைட்தான் போகும். அந்த விரலை யாரும் தொடாதபோதும் "அழுத்தம் இல்லை" என்ற சேதியே கம்பியை அடைத்துக்கொண்டு நிற்கும்.

மனிதத் தோல் இப்படி வேலை செய்வதில்லை. ஒரு கையின் உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலும் சேர்த்து ஏறத்தாழ 17,000 தொடு நரம்பிழைகள் இருக்கின்றன. ஒன்றும் நடக்காதபோது அவற்றில் பெரும்பாலானவை பேசாமல் இருக்கும். நடந்தால் மின்துடிப்பு எழும். 1926-இல் நரம்பு ஆய்வாளர்கள் எட்கர் ஏட்ரியனும் இங்வே சாட்டர்மனும் தவளையின் தசையில் எடையைத் தொங்கவிட்டு, ஒற்றை நரம்பிழையில் ஓடும் துடிப்புகளைப் பதிவுசெய்தார்கள். எடை கூடியபோது துடிப்பின் உயரம் கூடவில்லை. துடிப்புகள் நெருங்கி வந்தன. நியூரோமார்ஃபிக் தோல், அதாவது நரம்பைப் போலத் துடிப்புகளில் பேசும் தோல், என்று இன்று சொல்லப்படுவதன் அடிப்படை இதுதான்.

இதை இரண்டு மலிவான பொருள்களைக் கொண்டு செய்யலாம். ஒன்று வெலோஸ்டாட் என்ற கரி கலந்த கருப்புப் பிளாஸ்டிக் தாள். அழுத்தினால் இதன் மின்தடை குறையும். கிடைக்காவிட்டால் ஐசி-களைக் குத்தி வைத்து விற்கும் கருப்பு நுரைப்பஞ்சும் உதவும். மற்றொன்று 27 மில்லிமீட்டர் பித்தளைப் பீசோ தகடு. அழுத்தம் மாறும்போதுதான் அது மின்னழுத்தம் தரும். அழுத்திப் பிடித்தபடியே இருந்தால் அடங்கிவிடும்.

ஏன் இரண்டு? நம் தோலிலும் இரண்டு வகை இருப்பதால்தான். மெர்க்கெல் செல்களோடு இணைந்த நரம்பிழைகள் அழுத்தம் நீடிக்கும்வரை துடித்துக்கொண்டே இருக்கும். பசினியன் உறுப்புகள் அதிர்வுக்கு மட்டும் எழும். 250 ஹெர்ட்ஸ் அளவில் அவை மிகவும் கூர்மையானவை. வெலோஸ்டாட் முதல் வகையின் வேலையைச் செய்யும், பீசோ இரண்டாம் வகையின் வேலையைச் செய்யும். அழுத்த உணரி மட்டும் போதும் என்று நிறுத்திவிடுகிறவர்களிடம் நான் விடாமல் சொல்வது இது: பொருளைப் பிடிக்க முதல் வகை வேண்டும், நழுவ விடாமல் இருக்க இரண்டாம் வகை வேண்டும்.

பீசோ தகட்டை அடியில் வையுங்கள். அதன் மேல் மின்காப்பு டேப் ஒரு சுற்று. அதற்கு மேல் 15 மில்லிமீட்டர் சதுரச் செம்பு டேப், 20 மில்லிமீட்டர் சதுர வெலோஸ்டாட், மறுபடியும் செம்பு டேப். வெலோஸ்டாட் நான்கு பக்கமும் சற்றே வெளியே நீண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஓரத்தில் இரண்டு செம்பும் உரசி, தொடாமலேயே முழு அழுத்தம் காட்டும். செம்பு டேப்பின் பசைப்பக்கம் வெலோஸ்டாட்டைத் தொட வேண்டாம், பளபளப்பான பக்கம் தொடட்டும். ஒயரை முதலிலேயே சால்டர் செய்துவிடுங்கள், வெலோஸ்டாட் சூடு தாங்காது. எல்லாவற்றுக்கும் மேல் ரப்பர் கையுறையின் விரல் பகுதியை வெட்டி மாட்டுங்கள். அதில் மெல்லிய வரிகள் இருந்தால் இன்னும் நல்லது. கைரேகை போன்ற வரிகள், தேய்க்கும்போது எழும் அதிர்வைப் பசினியன் உறுப்புகளுக்கு ஏற்ற எல்லையில் பெரிதாக்குகின்றன என்று 2009-இல் பாரிஸ் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

மின்சுற்று எளிது. வெலோஸ்டாட்டின் ஒரு முனை 5 வோல்ட்டுக்கு, மறுமுனை உனோவின் ஏ0 உள்ளீட்டுக்கு. ஏ0-இலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். மெல்லத் தொட்டால் 200, பலமாக அழுத்தினால் 800 என்ற அளவில் எண் வர வேண்டும். எப்போதும் உச்சத்திலேயே நின்றால் ரெசிஸ்டரைக் குறையுங்கள். பீசோவை ஏ1-க்கும் கிரவுண்டுக்கும் இடையே இணைத்து, அதற்குக் குறுக்கே 1 மெகா ஓம் ரெசிஸ்டரும் 5.1 வோல்ட் ஸீனர் டயோடும் போடுங்கள். ஸீனரை விட்டுவிடாதீர்கள், தகட்டை ஓங்கித் தட்டினால் உள்ளீட்டைக் கெடுக்கும் அளவுக்கு வோல்ட்டேஜ் எழும்.

இனி, உனோவில் நிரலாக எழுத வேண்டிய நியூரான். லூயி லாபிக் 1907-இல் முன்வைத்த கருத்தே போதும்: வருவதைச் சேர்த்துவை, கொஞ்சம் கசியவிடு, வரம்பைத் தாண்டினால் துடிப்பு ஒன்றை வெளியிட்டுப் பூஜ்யத்துக்குத் திரும்பு. ஒவ்வொரு மில்லிசெகண்டும் சேமிப்பை 0.98-ஆல் பெருக்கி, ஏ0-இல் படித்த எண்ணைக் கூட்டுங்கள். வரம்பு 5,000. துடித்த பிறகு 3 மில்லிசெகண்டு ஓய்வு.

தாளில் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளீடு 100-க்குக் கீழே இருந்தால், கூடுவதும் கசிவதும் 5,000-ஐ எட்டுவதற்குள்ளேயே சமமாகிவிடும், துடிப்பே வராது. 200 என்றால் வரம்பைத் தொட 35 மில்லிசெகண்டு, ஓய்வையும் சேர்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 26 துடிப்பு. 800 என்றால் 7 மில்லிசெகண்டு போதும், நொடிக்கு 100 துடிப்பு. ஏட்ரியன் பார்த்தது உங்கள் மேசையில் நடக்கிறது. வெலோஸ்டாட் ஓய்வில் காட்டும் சிறு எண்களும் தாமாகவே ஒதுங்கிவிடுகின்றன. சேமிப்பு மாறியை ஃப்ளோட் வகையாக வையுங்கள். உனோவில் இன்ட் வகை 32,767-ஐத் தாண்டாது, அதை 98-ஆல் பெருக்கி 100-ஆல் வகுக்கப் போனால் எண் குலைந்துவிடும்.

பீசோவுக்கு இவ்வளவு வேண்டாம். முந்தைய அளவுக்கும் இப்போதைய அளவுக்கும் 20-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு துடிப்பு, அவ்வளவுதான். டிலே கட்டளையைத் தவிர்த்து, மைக்ரோசெகண்டு கடிகாரத்தைப் பார்த்து மில்லிசெகண்டுக்கு ஒருமுறை படியுங்கள். 250 ஹெர்ட்ஸ் அதிர்வின் ஒரு சுற்றுக்கு நான்கு அளவுகள் கிடைக்கும்.

துடிப்பு வரும்போது கணினிக்கு ஒரே ஒரு பைட்டை அனுப்புங்கள்: எந்த உணரி என்ற எண். நேரத்தை அனுப்ப வேண்டியதில்லை, அது வந்து சேர்ந்த கணமே நேரம். நூறு உணரிகளில் பத்து மட்டும் அழுத்தப்பட்டு, ஒவ்வொன்றும் நொடிக்கு 100 முறை துடித்தாலும் 1,000 பைட்தான் ஆகிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் டீ குழுவினர் 2019-இல் வெளியிட்ட மின்தோல் இதே எண்ணத்தை வெகுதூரம் கொண்டுபோனது: ஒவ்வோர் உணரிக்கும் தனித்த துடிப்புக் கோலம், எல்லாமே ஒரே மின்கடத்தியில் பேசும். அதற்கு முந்தைய ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் ஜெனான் பாவோ குழுவினர் வளையும் செயற்கை நரம்பொன்றைக் கரப்பான்பூச்சியின் காலோடு இணைத்து, அழுத்தத்தால் அந்தக் காலை அசைய வைத்தார்கள்.

இப்போது பிடியைச் சோதிக்கலாம். சிறிய சர்வோ மோட்டாரில் இரண்டு விரல் பிடிப்பானைப் பொருத்தி, ஒரு விரலில் இந்தத் தோலை ஒட்டுங்கள். சர்வோவுக்குத் தனி 5 வோல்ட் கொடுத்து, கிரவுண்டை மட்டும் பொதுவாக்குங்கள். உனோவிலிருந்தே எடுத்தால் மோட்டார் இழுக்கும்போதெல்லாம் அளவுகள் ஆடும். வெலோஸ்டாட் நொடிக்கு 25 துடிப்பை எட்டும்வரை விரல் மூடட்டும். அதன்பின் பீசோவில் துடிப்புகள் அடுத்தடுத்து வந்தால் 2 டிகிரி இறுக்கச் சொல்லுங்கள். நம் கையும் இதைத்தான் செய்கிறது: பொருள் வழுக்கத் தொடங்கியதும், நாம் நினைப்பதற்கு முன்பே, நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் பிடி இறுகுகிறது. சர்வோ அசையும்போது அதன் அதிர்வும் பீசோவில் ஏறும் என்பதால், ஒவ்வோர் அசைவுக்குப் பிறகும் 50 மில்லிசெகண்டு பீசோவைக் கேட்காதீர்கள்.

காகிதக் கோப்பையைப் பிடிக்கவைத்து, உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்து, ரவையைக் கரண்டியால் மெல்லப் போடுங்கள். அரிசி வேண்டாம், அது விழும் அதிர்வையே வழுக்கல் என்று பீசோ எடுத்துக்கொள்ளும். எடை ஏற ஏறக் கோப்பை இம்மியளவு நழுவும், பீசோ துடிக்கும், விரல் இறுகும். கோப்பை நசுங்கினால் 2 டிகிரியை 1 ஆக்குங்கள். நழுவி விழுந்தால் பீசோவின் வரம்பை 20-இலிருந்து 12-க்கு இறக்கிப் பாருங்கள்.