டான்ட்ரோலின்: கால்சியம் மதகைப் பற்றிய சில தவறான கணக்குகள்

தசை தளர்த்தி என்றதும் நம்மில் பலருக்கு முதுகுப் பிடிப்புக்கு டாக்டர் எழுதித் தரும் மாத்திரைதான் ஞாபகம் வரும். ஆபரேஷன் தியேட்டரில் இருப்பவரைக் கேட்டால், மூச்சுக்குழாய் போடும் முன் நோயாளியின் தசைகளை அசையாமல் செய்யும் ஊசியைச் சொல்வார். டான்ட்ரோலின் என்ற மருந்தும் தசை தளர்த்திதான், ஆனால் இந்த இரண்டிலும் சேராது. பெயர் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்றுதான் என்று நினைப்பது முதல் தவறு. முதுகுவலி மாத்திரைகள் பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்கின்றன. வெக்குரோனியம் போன்ற ஊசிகள் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் சேதியை மறிக்கின்றன. டான்ட்ரோலின் தசைச் செல்லுக்குள்ளேயே போய், கால்சியம் வெளியேறும் மதகைப் பிடிக்கிறது.

அந்த மதகைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். தசைச் செல்லுக்குள் கால்சியம் நிரம்பிய பை ஒன்று உண்டு. சார்கோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்று பெயர். ஏரி என்று வைத்துக்கொள்ளலாம். ஏரிக்கு வெளியே, செல்லின் திரவத்தில், தசை ஓய்வாக இருக்கும்போது கால்சியம் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். ரத்தத்தில் இருப்பதில் சுமார் 10,000-ல் ஒரு பங்குதான். நரம்பிலிருந்து சேதி வந்ததும் மதகு திறக்கும், கால்சியம் பாயும், தசை சுருங்கும். உடனே ஒரு பம்பு அதையெல்லாம் திரும்ப ஏரிக்குள் இறைத்துவிடும். அந்த இறைப்புக்கு ஆற்றல் செலவாகும். மதகின் பெயர் ரயனோடின் ஏற்பி. பூச்சிக்கொல்லியாகப் பயன்பட்ட ரயானியா என்ற தென்னமெரிக்கச் செடியின் நஞ்சு அதில் ஒட்டிக்கொள்வதால் வந்த பெயர்.

இதைச் சொன்னதும், "அப்போ எனக்குக் கால்சியம் ஜாஸ்தியா, பாலை நிறுத்தட்டுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். இங்கே பேசுவது செல்லுக்குள் கால்சியம் எப்போது எங்கே இருக்கிறது என்பதை. ரத்தப் பரிசோதனையில் வரும் எண்ணோ, எலும்புக்கான மாத்திரையோ இந்த மதகைப் பற்றி எதுவும் சொல்லாது.

சிலருக்கு இந்த மதகைக் கட்டும் ஆர்ஒய்ஆர்1 என்ற மரபணுவில் பிறவியிலேயே ஒரு மாற்றம் இருக்கும். அன்றாட வாழ்வில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் ஹாலோத்தேன், ஐசோஃப்ளுரேன், செவோஃப்ளுரேன் போன்ற மயக்க வாயுக்களோ, தியேட்டரில் ஸ்கோலின் என்று சொல்லும் சக்சினைல்கோலின் ஊசியோ பட்டால் மதகு மூட மறுத்துவிடும். பம்பு ஓயாமல் இறைக்கும். உடல் சூடேறும், கார்பன் டை ஆக்சைடும் அமிலமும் குவியும், தசை விறைக்கும், செல்கள் உடைந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலக்கும். மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா என்பது இதுதான். அந்த மதகைப் பிடித்து இதை அடக்கும் மருந்துதான் டான்ட்ரோலின்.

பெயரில் 'ஹைப்பர்தெர்மியா', அதாவது உடல் அளவுமீறிச் சூடாவது, இருப்பதே ஒரு பொறி. காய்ச்சல் ஏறட்டும், பார்க்கலாம் என்று காத்திருந்தால் நேரம் போய்விடும். சூடு பல சமயம் பிந்தித்தான் வரும். காற்றை எவ்வளவு கூட்டித் தள்ளினாலும் வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போவது, இதயம் படபடப்பது, தாடை இறுகுவது ஆகியவைதான் முந்தி வரும் அறிகுறிகள்.

"போன தடவை மயக்கம் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லையே" என்பது இன்னொன்று. முதல் தடவையிலேயே வர வேண்டும் என்று கட்டாயமில்லை; இரண்டு மூன்று தடவை சும்மா இருந்துவிட்டு அடுத்த முறை வந்தவர்கள் உண்டு. அதனால் குடும்பக் கதைதான் முக்கியம். 1960-ல் மெல்போர்னில் டென்பரோ, லவல் என்ற டாக்டர்கள் இந்த நோயை முதன்முதலில் எழுதியது அப்படித்தான். கால் முறிந்து வந்த 21 வயது இளைஞருக்கு முறிவைவிட மயக்க மருந்தின் மேல்தான் பயம். அவருடைய உறவினர்கள் 10 பேர் ஈதர் என்ற மயக்க மருந்து கொடுத்தபின் இறந்திருந்தார்கள். உங்கள் வீட்டில் யாராவது ஆபரேஷன் மேசையில் காரணம் தெரியாமல் போயிருந்தால், அது சித்தப்பாவோ பாட்டியோ, மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதி வாய்ப்பு. மரபணுச் சோதனையில் எதுவும் தெரியவில்லை என்பதால் மட்டும் ஆபத்தில்லை என்று முடிவு கட்டவும் முடியாது.

டான்ட்ரோலின் 1967-ல் உருவானது. 1975-ல் தென்னாப்பிரிக்காவில் ஹாரிசன் என்ற மயக்க மருந்து டாக்டர், இதே நோய் உள்ள பன்றிகளை அதைக் கொண்டு காப்பாற்றினார். 1979-ல் அமெரிக்காவில் ரத்தக்குழாய் வழி ஊசிக்கு அனுமதி. அதற்கு முன் இந்த நோய் வந்த 10 பேரில் 7, 8 பேர் இறந்தார்கள். இப்போது நேரத்தில் மருந்து கிடைத்தால் மிகச் சிலரே.

நேரத்தில் என்பதில்தான் சிக்கல். பழைய வகைக் குப்பி ஒவ்வொன்றிலும் 20 மில்லிகிராம்தான் இருக்கும். அதை ஊசிக்கென்றே கிருமி நீக்கிய நீர் 60 மில்லியில் குலுக்கிக் கரைக்க வேண்டும். அவசரத்தில் கைக்கு எட்டிய சலைனிலோ குளுக்கோஸிலோ கலப்பது தவறு. 70 கிலோ ஆளுக்கு முதல் டோஸ் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் வீதம் 175 மில்லிகிராம். அதாவது 9 குப்பி, அரை லிட்டருக்கு மேல் திரவம். தேவைப்பட்டால் மறுபடியும். ஒரு நர்ஸ் தனியாக நின்று இதைக் கரைக்கட்டும் என்று விடுவது நியாயமே இல்லை. அலமாரியில் 2 குப்பி வைத்துக்கொண்டு தயாராக இருக்கிறோம் என்பதும் அப்படித்தான். 36 குப்பி வைத்திருக்கச் சொல்கிறார்கள். இந்தியாவில் இது நெடுங்காலம் லேசில் கிடைக்காத மருந்து. எனவே சந்தேகமுள்ள நோயாளிக்கு அந்த வாயுக்களையே தவிர்த்து புரோபோஃபால் போன்ற ஊசி மருந்துகளைக் கொண்டு மயக்குவது எவ்வளவோ மேல்.

எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படும் தவறு அடுத்தது. கால்சியம்தானே பிரச்சினை, இதயமும் படபடக்கிறது, கால்சியத்தைத் தடுக்கும் வெராபமிலையோ டில்டியசெமையோ சேர்த்துக் கொடுக்கலாமே என்று தோன்றும். தர்க்கம் சரி மாதிரியே இருக்கும். ஆனால் அவை பிடிப்பது செல்லின் வெளிச்சுவரில் உள்ள வேறொரு வாசலை. டான்ட்ரோலினோடு சேர்ந்தால் பொட்டாசியம் எகிறி இதயமே நின்றுபோகலாம். கொடுக்கக் கூடாது.

அப்புறம், சூடு இறங்கி உடம்பு தளர்ந்ததும் வார்டுக்கு அனுப்பிவிடுவது. ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்குத் திரும்பி வரும். ஒரு நாளாவது ஐசியுவில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வாயால் சாப்பிடும் டான்ட்ரோலின் வேறு கதை. பக்கவாதம், தண்டுவடக் காயம் போன்றவற்றால் கைகால் விறைத்துப் போனவர்களுக்கானது. சாதாரண முதுகுவலிக்கு அல்ல. கல்லீரலைக் கெடுக்கக்கூடியது என்பதால் கல்லீரல் பரிசோதனை செய்யாமல் மாதக் கணக்கில் சாப்பிடக் கூடாது. 45 நாளில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடச் சொல்கிறது மருந்துக் குறிப்பு. இன்னொன்று பலர் யோசிக்காதது: சிலர் எழுந்து நிற்பதே கால் விறைப்பாக இருக்கும் தைரியத்தில்தான். அவர்களுக்கு விறைப்பைப் போக்கினால் நடை போய்விடும்.