கிரேக்கர்களைப் படிக்கத் தொடங்குவது எப்படி: அரிக்கமேட்டு வழி

கிரேக்கப் புராணம் படிக்க ஆசைப்பட்டு இறங்குகிறவர்கள் பலரும் தலைமைக் கடவுள் ஸீயஸ் குடும்பத்திலேயே கவிழ்ந்துவிடுகிறார்கள். யார் யாருக்கு அப்பா, யார் யாரை விழுங்கினார், அஃப்ரோடைட்டியும் வீனஸும் ஒரே ஆளா என்று நோட்டில் கிளை கிளையாகப் படம் போட்டு, இரண்டே வாரத்தில் மூட்டை கட்டியவன் நான். புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பெயர்ப் பட்டியலை விட்டுவிட்டு ஏதாவது ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடித்துக்கொண்டது ஒரு மதுச்சாடியின் கைப்பிடி.

முதலில் பாரதி பூங்காப் பக்கம் இருக்கிற புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போங்கள், அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று மட்டும் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் பழைய துறைமுகமாக இருந்த அரிக்கமேட்டில் தோண்டிக் கிடைத்தவை அங்கே இருக்கின்றன. எல்லோரும் மணிகளைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள், நீங்கள் உடைந்த மண்சாடித் துண்டுகளிடம் நில்லுங்கள். ஆம்போரா என்று பெயர். ஒடுங்கிய கழுத்து, இரண்டு பக்கமும் கைப்பிடி, அடியோ கூர். தரையில் நிற்காத பாத்திரத்தை எதற்குச் செய்தார்கள் என்றால், அது கப்பலுக்காகச் செய்தது. கீழ் வரிசைச் சாடிகளின் தோள்களுக்கு நடுவே மேல் வரிசையின் கூர் அடி இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அரிக்கமேட்டில் கிடைத்த ஒரு வகைக்குக் கைப்பிடி மட்டும் தனி அடையாளம்: இரண்டு உருளைகளை ஒட்டவைத்த மாதிரி இருக்கும். அது கிரேக்கத்தின் கோஸ் தீவுப் பாணி. மருத்துவத்துக்குத் தந்தை என்கிறார்களே, அந்த ஹிப்போகிரட்டீஸ் பிறந்த அதே கோஸ்தான். அந்தத் தீவுக்காரர்கள் மதுவில் கடல்நீர் கலப்பார்கள், அதற்காகவே பேர்போனது.

இதில் வேடிக்கை, ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலரை இந்தப் பக்கம் இழுத்து வந்ததும் ஒரு சாடிக் கைப்பிடிதான். 1944இல் சென்னை அருங்காட்சியக அலமாரி ஒன்றில் சாடியின் கழுத்தும் கைப்பிடியும் அவர் கண்ணில் பட்டது. அது எங்கே கிடைத்தது என்று விசாரித்துக்கொண்டு, அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த புதுச்சேரிக்கு வந்தார். 1945இல் தோண்டினார்.

அடுத்து மேட்டுக்கே போங்கள். கடலூரிலிருந்து வருபவர்கள் புதுச்சேரி பஸ்ஸில் அரியாங்குப்பத்தில் இறங்கி வீராம்பட்டினம் சாலையைப் பிடித்தால் போதும். ஏதென்ஸ் மாதிரித் தூண்கள் இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். மாந்தோப்பு, ஆறு, அமைதி, அவ்வளவுதான், தோண்டிய குழிகளையெல்லாம் மூடிவிட்டார்கள். நடுவில் உயரமாக நிற்கும் செங்கல் சுவரைப் பார்த்து நான் புல்லரித்துப்போய் போட்டோ எடுத்துக்கொண்டேன், அப்புறம்தான் தெரிந்தது அது 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார்கள் கட்டியது என்று.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. அரிக்கமேட்டில் கப்பல் வணிகம் களைகட்டியது கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியிலும் கி.பி. முதல் நூற்றாண்டிலும். அப்போது கிரேக்கமே ரோமாபுரிக்குக் கீழே. சாக்ரடீஸ் விஷம் குடித்தது கி.மு. 399, அலெக்சாண்டர் செத்தது கி.மு. 323, ரோம் எகிப்தைப் பிடித்தது கி.மு. 30. இந்த மூன்றையும் மனதில் ஆணி அடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நம் கரைக்கு வந்த யவனர்களில் பலர் எகிப்திலிருந்து கிளம்பிய, கிரேக்க மொழி பேசிய வணிகர்கள். அவர்களில் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பில் கமரா, பொதுகே, சோபத்மா என்று மூன்று துறைமுகங்கள் வருகின்றன. கமரா காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொதுகே அரிக்கமேடு என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். யவனர் என்ற சொல்லே அயோனியர் என்ற கிரேக்க இனப் பெயரிலிருந்து வந்தது.

சரி, இப்போது புராணம். ஹோமரின் ஒடிசி காவியத்தை எடுங்கள், ஆனால் முதல் பக்கத்தில் தொடங்க வேண்டாம். ஒன்பதாம் காண்டத்துக்கு நேராகப் போங்கள், அங்கேயும் மதுதான். ஒரு பங்கு மதுவுக்கு இருபது பங்கு தண்ணீர் ஊற்ற வேண்டிய அளவுக்குக் காட்டமான சரக்கு கதாநாயகன் ஒடிசியஸ் கையில் இருக்கிறது. கிரேக்கர்கள் மதுவைப் பெரிய கலத்தில் தண்ணீர் கலந்துதான் குடிப்பார்கள், அப்படியே குடிப்பவன் அவர்கள் கணக்கில் காட்டுமிராண்டி. ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸ் மூன்று முறை வாங்கி அப்படியே குடிக்கிறான். உன் பேர் என்ன என்று கேட்டால் ‘யாருமில்லை’ என்கிறான் ஒடிசியஸ். அப்படியானால் யாருமில்லையைக் கடைசியாகத் தின்கிறேன், அதுதான் என் விருந்தாளிக்கு நான் தரும் பரிசு என்கிறான் அரக்கன். அவன் போதையில் சரிந்ததும் பழுக்கக் காய்ச்சிய ஒலிவக் கட்டையைக் கண்ணில் செருகுகிறார்கள். அலறல் கேட்டு ஓடி வந்த மற்ற அரக்கர்கள் யாரடா உன்னைக் கொல்வது என்று கேட்க, ‘யாருமில்லை என்னைக் கொல்கிறான்’ என்று இவன் கத்த, யாருமில்லையென்றால் அது ஸீயஸ் விட்ட நோய், உன் அப்பா, கடல் கடவுள் போசைடனைக் கும்பிட்டுக்கொள் என்று திரும்பிப் போய்விடுகிறார்கள். கவனித்தீர்களா, போசைடன் யாருக்கு அப்பா என்பது நோட்டே இல்லாமல் மண்டையில் ஏறிவிட்டது.

மதுவைப் பிடித்துக்கொண்டே போனால் அதன் கடவுள் டயோனைசஸ் வருவார், அவரோடு நாடகமும் வரும். ஏதென்ஸில் அவருக்கு வசந்த காலத்தில் எடுத்த திருவிழாவில்தான் துன்பியல் நாடகங்கள் போட்டியாக நடந்தன. ஆண்களே பெண் வேடமும் கட்டுவார்கள், முகமூடி உண்டு, ஆடிப் பாடும் குழு உண்டு. கூத்து பார்த்து வளர்ந்த நமக்கு இதில் அந்நியம் எதுவும் தெரியாது. முதல் நாடகமாக எல்லோரும் ஈடிபஸைச் சொல்வார்கள். நான் ஈஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’ என்பேன். கி.மு. 472இல் அரங்கேறியது. எட்டு வருஷத்துக்கு முன்னால் சலாமிஸ் கடற்போரில் தோற்கடித்த எதிரியின் அரண்மனையில், எதிரியின் தாய் மகனுக்காகப் பதறுவதைக் காட்டுகிறது. எழுதியவரோ மாரத்தான் போரில் அதே பாரசீகர்களோடு நேருக்கு நேர் நின்று சண்டை போட்டவர். வரலாறும் நாடகமும் ஒரே மூச்சில் கிடைத்துவிடும்.

இவ்வளவும் முடிந்தபின் புறநானூற்றில் 56ஆம் பாட்டைப் புரட்டுங்கள். யவனர் நன்கலத்தில் கொண்டுவந்த ‘தண்கமழ் தேறல்’ அங்கே இருக்கிறது. அதைப் பொற்கிண்ணத்தில் வளைக்கை மகளிர் தர, நாளும் குடித்து மகிழ்ந்திரு என்று பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார் நக்கீரர். தண்ணீர் கலப்பதைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை.