மலைமுகட்டில் சம்மதம் கேட்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

“என்னைத் திருமணம் செய்துகொள்வாயா?” என்ற கேள்வியைக் கடலோரத்திலோ மலைமுகட்டிலோ கேட்க விரும்புகிறவர்கள் முதலில் இடத்தைத் தேடுகிறார்கள். யாரிடம் கேட்கப் போகிறோமோ அவரைப் பற்றிய யோசனை பிறகுதான் வருகிறது. பெரும்பாலான திட்டங்கள் அங்கேதான் கெடுகின்றன.

நாளும் இடமும் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். திருமணம் என்ற பேச்சே புதிதாக இருக்கக் கூடாது. எங்கே வாழ்வது, குழந்தை வேண்டுமா, யாருடைய வேலைக்காக யார் ஊர் மாறுவது என்பதையெல்லாம் சாதாரண நாட்களில் பேசி முடித்திருக்க வேண்டும்.

அடுத்ததைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கூட்டத்தின் நடுவே கேட்காதீர்கள். முன்பின் தெரியாத இருபது பேர் கைபேசியை உயர்த்திப் பிடித்திருக்கும்போது, “எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும்” என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அங்கே கிடைக்கும் சம்மதம் அவருடையதா, கூட்டத்துக்குப் பயந்து வந்ததா என்று உங்களுக்கே தெரியாது. பெயர்பெற்ற காட்சிமுனைகளில் மாலையில்தான் நெரிசல் அதிகம். விடிகாலையில் அதே இடம் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடக்கும். படம் எடுக்க நண்பரை நிறுத்துவதானால் தொலைவில் நிறுத்துங்கள்.

அந்தி வெளிச்சத்தை நம்பிப் போகிறவர்கள் கைபேசி காட்டும் அஸ்தமன நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அது தடையில்லாத அடிவானத்துக்கான கணக்கு. பள்ளத்தாக்கில் நின்றால் மேற்கு மலை சூரியனை வெகு முன்பே மறைத்துவிடும். கையை நீட்டி, விரல்களைப் படுக்கைவாட்டில் சூரியனுக்கும் மலைவிளிம்புக்கும் இடையே வைத்துப் பாருங்கள். ஒரு விரல் அகலத்துக்கு ஏறக்குறைய 15 நிமிடம் மிச்சம் என்று கொள்ளலாம். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால், மறைந்த அரைமணிக்குள் நன்றாக இருட்டிவிடும். திரும்பி இறங்கும் பாதைக்கு ஆளுக்கொரு டார்ச் வேண்டும்.

கடற்கரையில் வேறு கணக்கு. கடலேற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இருமுறை ஏற்றம் வருவதால், போன வாரம் மாலை ஐந்து மணிக்கு நீங்கள் பார்த்துவைத்த மணல்திட்டு இந்த வாரம் அதே ஐந்து மணிக்குத் தண்ணீருக்கடியில் இருக்கலாம். முந்தின நாளே போய்ப் பாருங்கள்.

அருவியின் அடியில் கேட்ட என் நண்பர் ஒருவரின் கதை இன்னும் மனத்தில் நிற்கிறது. பல நாள் எழுதித் திருத்திய நாலு வரியை அவர் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் காதருகே கையைக் குவித்து “என்ன?” என்று மூன்று முறை கேட்டார். கடைசியில் மோதிரத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார். அந்த நாலு வரி அவர் காதுக்குப் போகவே இல்லை. இரைச்சலிலிருந்து நூறடி தள்ளி நின்றிருந்தால் போதும்.

மோதிர விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். குளிரில் விரல் சற்றே மெலியும், மோதிரம் தளரும், உங்கள் விரல்களும் விறைத்திருக்கும். பாறை விளிம்பு, மரப்பாலம், படகு ஆகிய இடங்களில் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

நடந்து பழகாதவரை ஐந்து மணி நேரம் ஏறவைத்து, காலில் கொப்புளத்தோடு நிற்பவரிடம் கேட்பதும் கொடுமை. இடிச்சத்தம் கேட்டால் எதுவும் கேட்காமல் உடனே இறங்குங்கள். வேறொரு நாள் வரும். பறக்கும் காகித விளக்குகள் காட்டில் தீ வைத்துவிடும், அவை வேண்டவே வேண்டாம். பாதுகாக்கப்பட்ட வனப்பகுதியில் டிரோன் பறக்கவிடவோ அலங்காரம் செய்யவோ அனுமதி தேவையா என்று முன்னதாகவே விசாரியுங்கள்.

பலர் யோசிக்காத ஒன்று, உடனே ‘சரி’ வராவிட்டால் என்ன செய்வது என்பது. ஏரியின் நடுவே படகில் கேட்டால், தயங்குகிறவருக்கு எழுந்துபோக வழியே இல்லை. நாலு அடி விலகி நடக்க இடமிருக்கும் தரையில் கேளுங்கள். அவர் அவகாசம் கேட்டால் மோதிரத்தைப் பையில் வைத்துவிட்டு, தண்ணீர்ப் புட்டியை நீட்டி, பக்கத்திலேயே நடந்து இறங்குங்கள். வழியில் மறுபடி கேட்காதீர்கள்.