வன்னிக் கிராமத்து ஆலயமொன்றின் கட்டட வரலாற்றை எழுதும் முறை

வன்னியின் சிறிய கிறிஸ்தவ ஆலயங்களைப் பற்றி எழுத முனைவோர் பெரும்பாலும் முகப்புக் கல்வெட்டின் ஆண்டைக் குறித்துக்கொண்டு, பங்குத் தந்தையரின் பெயர்களை வரிசைப்படுத்தி முடித்துவிடுகின்றனர். அது பங்கின் வரலாறு. கட்டடத்தின் வரலாறு அன்று. கட்டடமொன்றுக்கு ஒரே ஆண்டு இருப்பது அரிது. மடு மாதா ஆலயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒல்லாந்தரின் ஒடுக்குமுறைக்குத் தப்பிய குடும்பங்கள் மாந்தையிலிருந்து திருச்சொரூபத்துடன் மருதமடுக் காட்டுக்கு வந்தது மரபுப்படி 1670இல். ஆயர் பொன்ஜீன் இன்றைய மடு ஆலயத்தின் பணியைத் தொடங்கியது 1872இல். அது அபிஷேகம் செய்யப்பட்டதோ 1944இல். வேல்ஸ் நாட்டுக் கிராமச் சிற்றாலயங்கள் பலவற்றின் முகப்பில், கட்டிய ஆண்டு, பெருப்பித்த ஆண்டு, மீளக் கட்டிய ஆண்டு ஆகியவற்றை ஒரே கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். நம் ஊர்களில் அத்தகைய கல் அரிதாகையால், அந்த ஆண்டுகளைச் சுவரிலிருந்துதான் தேடி எடுக்க வேண்டும்.

முதலில் அளவுநாடாவுடன் உள்ளும் புறமும் அளந்து தரைப்படமொன்றை வரையுங்கள். நீள அகலத்துடன் மூலைவிட்டங்களையும், ஒவ்வொரு வாசலிலும் சுவரின் தடிப்பையும் அளக்க வேண்டும். ஒரே சுவர் ஓரிடத்தில் தடித்தும் மற்றோரிடத்தில் மெலிந்தும் இருந்தால், அங்கே இரண்டு காலத்து வேலை சந்திக்கின்றதா என்று பாருங்கள். கூரை வரை நேராக ஏறும் வெடிப்பும் பெரும்பாலும் அத்தகைய பொருத்தையே காட்டும். காலை வெயில் சுவரில் சரிந்து விழும்போது படமெடுத்தால், அடைக்கப்பட்ட பழைய வாசல்களின் விளிம்பு பூச்சின் கீழிருந்து தெரியும். பூச்சைச் சுரண்டிப் பார்க்கும் ஆசை எழும். அதை அடக்கிக்கொண்டு, தானாக உதிர்ந்த இடங்களில் மட்டும் சாந்தைக் கவனியுங்கள். சுண்ணாம்புச் சாந்து நகத்துக்கே உதிரும், வெண்கட்டிகளும் கலந்திருக்கும். காங்கேசன்துறை ஆலை 1950இல் தொடங்குவதற்கு முன்னரும் இறக்குமதிச் சீமெந்து கிடைத்ததால், சீமெந்தைக் கண்டதும் ஆண்டு குறித்துவிடக் கூடாது.

கூரையை உள்ளிருந்து பார்க்க வேண்டும். ஓட்டைக் கழற்றித் தகரம் போட்டிருப்பார்கள். ஆனால் கீழிருக்கும் பனஞ்சலாகையோ பாலை, முதிரை மர வளைகளோ பழையனவாக இருக்கலாம், பழைய துளைகள் முன்பிருந்த கூரையின் அமைப்பைச் சொல்லும். போர்க்காலத்தில் மரமும் ஓடும் இடம்பெயர்ந்த ஊர்களில், சுவரைவிட இளைய கூரை இருப்பது வழமை. அதன் மறுதலையும் உண்டு, வேறோர் ஆலயத்தின் மரம் இங்கே வந்திருக்கலாம்.

கத்தோலிக்க ஆலயமாயின் பலிபீடத்தைத் தவறவிடாதீர்கள். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னரே, குரு மக்களை நோக்கி நிற்கும் வகையில் பீடங்கள் முன்னே கொண்டுவரப்பட்டன. பின்சுவரோடு ஒட்டிய பழைய மேடையும் நற்கருணை வாங்க மக்கள் முழந்தாளிட்ட, பின்னர் அகற்றப்பட்ட கிராதியின் துளைகளும் தரையில் எஞ்சியிருந்தால், அந்தப் பகுதி பெரும்பாலும் அதற்கு முந்தியது.

ஆவணங்களைத் தேடும் இடத்தை மறைமாவட்ட எல்லையே தீர்மானிக்கும். மன்னார் மறைமாவட்டம் 1981இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது; ஆகவே மன்னார், வவுனியா மாவட்டங்களின் பழைய கடிதங்களுக்கு யாழ்ப்பாண ஆயர் இல்லத்திலும் அனுமதி கேட்க வேண்டும். முல்லைத்தீவும் கிளிநொச்சியும் இன்றும் யாழ்ப்பாண மறைமாவட்டத்திலேயே உள்ளன. நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குலப் படங்களையும் (ஒரு மைலை ஓரங்குலமாகக் காட்டுபவை), கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தையும் பார்த்துவிடுங்கள்.

மூப்பரிடமும் உபதேசியாரிடமும் பேசும்போது ஆண்டைக் கேட்பதால் பயனில்லை. மணிக்கூண்டு 1964ஆம் ஆண்டுப் புயலுக்கு முன்னரா பின்னரா, ஓடு போட்டது இடம்பெயர்வுக்கு முன்னரா, 2009இன் பின் மீளக்குடியேறியபோது எந்தச் சுவர் நின்றது என்று கேட்டால், உறுதியான விடை கிடைக்கும். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லிக் காட்டாமல் தனித்தனியே கேட்பது நல்லது.

எழுதும்போது கண்டதையும் கேட்டதையும் ஊகித்ததையும் வெவ்வேறாக வைத்து, தரைப்படத்தில் காலத்துக்கொரு நிறம் தீட்டுங்கள். ஒரு பிரதியை ஆயர் இல்லத்திலும், ஒன்றை மூப்பரிடமும், மூன்றாவதைக் கட்டாயமாக வன்னிக்கு வெளியேயும் வைக்க வேண்டும்.